லிங்க்ட்இன்னில் எழுதினால் பதில் வரவில்லையா? எந்த இடத்தில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

லிங்க்ட்இன்னில் ஆட்களுக்கு எழுதி எழுதிச் சலித்துப்போனவர்கள் வேலூர் பக்கம் எக்கச்சக்கம். காட்பாடியில் இன்ஜினியரிங் முடித்த பையன், ராணிப்பேட்டை சிப்காட்டில் ஷிஃப்ட் போகிற கெமிஸ்ட், ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர், யாராக இருந்தாலும் பதில் வரவில்லை என்றால் செய்வது ஒன்றுதான்: மெசேஜை மாற்றி எழுதுவது, அதையும் யாரோ கொடுத்த டெம்ப்ளேட்டைப் பார்த்து மாற்றுவது. கோளாறு பாதி நேரம் மெசேஜில் இருப்பதே இல்லை. உங்கள் இணைப்புக் கோரிக்கை அவர் கண்ணிலேயே படாமல் கிடக்கலாம், பட்டும் உங்கள் ப்ரொஃபைலைப் பார்த்துவிட்டு ஒதுக்கியிருக்கலாம், ஏற்றுக்கொண்டபின் நீங்கள் கேட்டதற்கு என்ன சொல்வது என்று தெரியாமல் விட்டிருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. அதனால் கீழே உங்கள் அறிகுறி எதுவோ அதை மட்டும் படித்தால் போதும். மாதிரிகளைத் தமிழில் எழுதியிருக்கிறேன், நீங்கள் ஆங்கிலத்தில் அனுப்பினாலும் சரக்கு இதுதான்.

யாருக்கு எழுதுவது என்றே தெரியவில்லை

ஹெச்ஆர் தலைவருக்கும் கம்பெனி முதலாளிக்கும் எழுதாதீர்கள். அவர்களுக்குத் தினமும் இதே மெசேஜ் குவிகிறது. நீங்கள் போக நினைக்கிற வேலையில் உங்களைவிட இரண்டு மூன்று வருஷம் முன்னால் போய் உட்கார்ந்திருப்பவரைத் தேடுங்கள். அவருக்கு நுழைந்த கஷ்டம் இன்னும் மறந்திருக்காது, சொல்வதற்கும் விஷயம் இருக்கும்.

தேட நல்ல இடம் உங்கள் கல்லூரியின் லிங்க்ட்இன் பக்கம். அதில் முன்னாள் மாணவர்களுக்கென்று ஒரு பகுதி உண்டு. எந்த ஊரில் இருக்கிறார்கள், எந்த கம்பெனி, என்ன வேலை என்று வடிகட்டிப் பார்க்கலாம். நம்ம ஊரில் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. விஐடி 1984-இல் வேலூர் இன்ஜினியரிங் காலேஜ் என்றுதான் தொடங்கியது, 2001-இல்தான் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. பழைய ஆட்கள் சிலர் அந்தப் பெயரைத்தான் போட்டிருப்பார்கள். கலைக்கல்லூரிகளில் படித்தவர்கள் பலர் கல்லூரி பெயரை விட்டுவிட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் போட்டிருப்பார்கள். திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வந்தது 2002-இல், அதற்கு முன்னால் படித்தவர் என்றால் சென்னைப் பல்கலைக்கழகம். அதேபோல வேலூர் மாவட்டத்தை 2019-இல் மூன்றாகப் பிரித்த பிறகும் வாலாஜாக்காரர், வாணியம்பாடிக்காரர் எல்லாம் வேலூர் என்றே வைத்திருப்பது உண்டு. ராணிப்பேட்டை என்று மட்டும் தேடிவிட்டு ஆளே இல்லை என்று சொல்லாதீர்கள்.

கோரிக்கை வாரக்கணக்கில் பெண்டிங் என்றே காட்டுகிறது

அந்த ஆள் அந்தப் பக்கம் வருகிறாரா என்று முதலில் பாருங்கள். ப்ரொஃபைலில் கொஞ்சம் கீழே போனால் அவர் கடைசியாக எப்போது எதற்கு லைக் போட்டார், கமெண்ட் எழுதினார் என்று தெரியும். போன வருஷத்தோடு நின்றிருந்தால் உங்கள் எழுத்தில் குறையே இல்லை, வீட்டில் ஆள் இல்லை, அவ்வளவுதான். தோல் தொழிலில் இது ரொம்ப சகஜம். யாரோ சொன்னார்கள் என்று கணக்கு தொடங்கி அப்படியே விட்ட ஆலை முதலாளிகள் நிறையப் பேர் உண்டு. அவர்களைப் பிடிக்க தெரிந்தவர் மூலம் போன் போடுவதோ நேரில் போவதோதான் வழி.

ஆள் வருகிறார், ஆனாலும் ஏற்கவில்லை என்றால் அடுத்தது கோரிக்கையோடு சேர்த்து அனுப்புகிற குறிப்பு. போனில் கனெக்ட் பொத்தானைத் தட்டினால் சில நேரம் எதுவும் கேட்காமலே கோரிக்கை போய்விடும். பக்கத்தில் இருக்கிற மூன்று புள்ளியைத் தட்டினால்தான் குறிப்பு எழுதி அனுப்பும் வழி தெரியும். இலவசக் கணக்கில் குறிப்புக்கு 200 எழுத்து இடம், காசு கட்டியவர்களுக்கு 300. அதோடு இலவசக் கணக்குக்கு மாதத்துக்குச் சில குறிப்புகள்தான் தருகிறார்கள், எனவே கிளாஸ்மேட்டுக்கு எல்லாம் அதைச் செலவழிக்காதீர்கள். தமிழில் எழுதுகிறவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: கம்ப்யூட்டர் கொம்பையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணும், நமக்கு மூன்றெழுத்தான வேலூர் அதன் கணக்கில் ஆறு. 200 என்பது நினைப்பதைவிடச் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

அந்த இடத்துக்குள் இரண்டு விஷயம் போதும். நீங்கள் யார், ஏன் இவரிடம். இப்படி:

"வணக்கம் சார். பாகாயம் அரசு இன்ஜினியரிங் கல்லூரி, மெக்கானிக்கல் கடைசி வருஷம். பாய்லர் டிசைன் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன், ஒரு சந்தேகம் கேட்க வேண்டும்."

வேலை வேண்டும் என்ற பேச்சே இதில் இல்லை, கவனித்தீர்களா? குறிப்பிலேயே வேலை கேட்டால் அவர் கோரிக்கையை ஏற்பதும் வேலைக்கு உத்தரவாதம் தருவதும் ஒன்று என்று ஆகிவிடும், அதனால் தொடவே மாட்டார்.

குறிப்பும் சரி, ஆளும் வருகிறார், இன்னும் பெண்டிங்? அப்படியானால் உங்கள் பெயருக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள், அவர் கண்ணில் முதலில் படுவது அந்த ஒரு வரிதான். அதற்கு 220 எழுத்து வரை இடம் உண்டு, நம் பிள்ளைகள் அதில் "ஆர்வமிக்கவர், கற்றுக்கொள்ளத் துடிப்பவர், வாய்ப்பைத் தேடுபவர்" என்று நிரப்பி வைத்திருக்கிறார்கள். துடிப்பதெல்லாம் சரி, என்ன தெரியும்? "தோல் ஆலை ஆய்வகத்தில் கெமிஸ்ட், ஏற்றுமதித் தோல் சோதனை" என்று இருந்தால் அது ஆளைக் காட்டுகிறது. போட்டோ பற்றிப் பெரிதாக ஒன்றும் இல்லை, கல்யாண வீட்டில் நாலு பேரை வெட்டிவிட்டு எடுத்ததாக இல்லாமல் முகம் தெரிந்தால் போதும்.

அனுப்பிய கோரிக்கையைத் திரும்ப எடுத்துவிட்டு உடனே புதிதாக அனுப்பலாம் என்று நினைக்க வேண்டாம். திரும்ப எடுத்தால் அதே ஆளுக்கு மறுபடி அனுப்ப மூன்று வாரம் வரை காத்திருக்க வேண்டும். முதலில் ப்ரொஃபைலைச் சரிசெய்யுங்கள், அப்புறம் எடுங்கள்.

ஏற்றுக்கொண்டார், மெசேஜ் போட்டேன், சத்தமே இல்லை

அதிகம் பேர் மாட்டிக்கொண்டு நிற்பது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். உண்மையில் எல்லோரும் அனுப்புகிற மெசேஜ் கிட்டத்தட்ட இதுதான்:

"மதிப்பிற்குரிய மேடம், நான் பி.எஸ்சி. வேதியியல் முதல் வகுப்பில் முடித்து மூன்று வருடங்களாகப் பணிபுரிந்து வருகிறேன். கடின உழைப்பாளி, குழுவாகச் செயல்படக்கூடியவள். தங்கள் மேலான நிறுவனத்தில் என் தகுதிக்கேற்ற வாய்ப்பு ஏதேனும் இருந்தால் தெரிவிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். ரெஸ்யூம் இணைத்துள்ளேன்."

மரியாதைக்குக் குறைவில்லை, பிழையும் இல்லை. ஆனால் வாங்கிய அந்த மேடத்தின் நிலையில் இருந்து பாருங்கள். இதற்குப் பதில் சொல்ல அவர் ரெஸ்யூமைத் திறந்து படிக்க வேண்டும், உங்களுக்கு எது பொருந்தும் என்று அவரே யோசிக்க வேண்டும், கம்பெனியில் எங்கே இடம் காலி என்று விசாரிக்க வேண்டும், இருந்தால் முன்பின் தெரியாத ஒருவருக்காகப் போய்ப் பேச வேண்டும், இல்லையென்றால் இல்லை என்று சொல்லி மனதை நோகடிக்க வேண்டும். இத்தனை வேலையை ஒரே மெசேஜில் தலையில் கட்டினால் மனிதர்கள் அப்புறம் பார்க்கலாம் என்று மூடிவைப்பார்கள். அந்த அப்புறம் வராது.

இதையே அந்தப் பெண் இப்படி எழுதலாம் (கம்ப்ளையன்ஸ் என்பது எல்லாம் விதிப்படி நடக்கிறதா என்று பார்க்கிற வேலை):

"கோரிக்கையை ஏற்றதற்கு நன்றி மேடம். ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஆலை ஆய்வகத்தில் இருக்கிறேன், ஐரோப்பாவுக்குப் போகிற தோலில் குரோமியம் 6 சோதனை செய்வது என் வேலை. நீங்களும் ஆய்வகத்தில் தொடங்கி கம்ப்ளையன்ஸ் பக்கம் போனதைப் பார்த்தேன். மாறும்போது ஆடிட்டர் பயிற்சி ஏதாவது முடித்துவிட்டுப் போனீர்களா, இல்லை வேலையில் சேர்ந்து கற்றுக்கொண்டீர்களா?"

கேள்விக்கு இரண்டு வார்த்தையில் பதில் சொல்லலாம், பஸ்ஸில் நின்றுகொண்டே சொல்லலாம். யாரிடமும் சிபாரிசுக்குப் போக வேண்டியதில்லை. இதை இவரிடம் மட்டும்தான் கேட்க முடியும், கூகுளில் கிடைக்காது, அந்த மாற்றத்தைச் செய்த ஆள் இவர். இன்னொன்று, கடின உழைப்பாளி என்று எழுதாமலே இந்தப் பெண் தன் தகுதியைச் சொல்லிவிட்டாள். ஐரோப்பிய ஒன்றியம் 2015 முதல் தோலில் உடம்புக்குக் கெடுதலான குரோமியம் 6-ஐக் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்குள் வைக்கச் சொல்கிறது. அந்தச் சோதனையைக் கையால் செய்கிறவர் யார் என்பது ஷூ பிராண்டு கம்ப்ளையன்ஸ் ஆளுக்கு ஒரு வரியில் புரிந்துவிடும். உங்கள் வேலையிலும் இப்படி ஒரு துல்லியமான விஷயம் கட்டாயம் இருக்கும். அதை எடுத்துவைத்துவிட்டுப் பெயரடைகளை எல்லாம் வெட்டிவிடுங்கள்.

பதில் வந்ததும் ரெஸ்யூமைத் தூக்கிப் போடக் கூடாது. நன்றி சொல்லிவிட்டு, அவர் சொன்னதை வைத்து அடுத்த கேள்வி. அவர் ஒரு பயிற்சியைச் சொன்னால் அதைப் பார்த்துவிட்டு வந்து, பார்த்தேன், இது இப்படி இருக்கிறது, இதுதானே என்று கேளுங்கள். சொன்னதைச் செய்துவிட்டுத் திரும்பி வருகிற ஆட்கள் மிகக் குறைவு, அதனாலேயே நினைவில் நிற்பார்கள். அதற்கப்புறம் "உங்கள் டீமில் இந்த மாதிரி இடம் வந்தால் சொல்வீர்களா" என்று கேட்டால் அது முதல் நாள் கேட்ட கேள்வி மாதிரி இருக்காது.

வெறும் "ஹாய் சார்" போட்டுவிட்டு அவர் பதில் சொன்னபிறகு விஷயத்தைச் சொல்லலாம் என்று காத்திருப்பவர்களுக்கு: காத்திருக்காதீர்கள். விஷயம் முதல் மெசேஜிலேயே இருக்க வேண்டும்.

கூப்பிடுவது எப்படி என்று நிறையப் பேர் குழம்புகிறார்கள். தமிழ்நாட்டுக்குள் சார், மேடம் என்றால் யாரும் தப்பாக நினைக்கப்போவதில்லை. ஒரே கல்லூரி சீனியரை அண்ணா, அக்கா என்பது அவர் ஒருமுறை பதில் சொன்னபிறகு வைத்துக்கொள்ளலாம். ஆம்பூரில், மேல்விஷாரத்தில் நேரில் பாய் என்று கூப்பிட்டுப் பழகியவர்கள் எழுத்தில் முதல்முறை சார் என்றே தொடங்கட்டும். பெங்களூரு ஐடி ஆட்கள் பெயரைச் சொல்வதைத்தான் விரும்புகிறார்கள், அங்கே மரியாதைக்குரிய ஐயா என்று போனால் அரசாங்க மனு மாதிரி தெரியும். ப்ரோ மட்டும் வேண்டாம், எந்த ஊரிலும்.

பார்த்துவிட்டார் என்று காட்டுகிறது, பதில் இல்லை

மெசேஜுக்குக் கீழே அவருடைய சின்னப் படம் வந்தால் பார்த்துவிட்டார் என்று அர்த்தம். இருவருமே அந்த வசதியைத் திறந்து வைத்திருந்தால்தான் இது தெரியும், எனவே படம் வரவில்லை என்பதை வைத்து அவர் பார்க்கவில்லை என்று முடிவு கட்ட முடியாது. பார்த்துவிட்டு விட்டால் கோபம் என்று பொருளில்லை. மீட்டிங் நடுவில் திறந்திருப்பார், மறந்திருப்பார்.

ஒரு வாரம், பத்து நாள் விடுங்கள். அப்புறம் ஒரே ஒரு முறை எழுதுங்கள், அதில் புதிதாக ஒன்று இருக்கட்டும். "சார், ஜென்டில் ரிமைண்டர்" என்பது கடன் கேட்டு வந்து நிற்கிற மாதிரி இருக்கிறது. அதற்குப் பதில் "போன வாரம் ஆடிட் பயிற்சி பற்றிக் கேட்டிருந்தேன் மேடம். அதற்குள் எங்கள் ஆலையிலேயே ஒரு ஆடிட் வந்தது, ரசாயன ஸ்டோர் பதிவேடுதான் அவர்கள் முதலில் கேட்டது. கம்ப்ளையன்ஸில் தினசரி வேலை இந்தப் பதிவேடுகள்தானா?" என்று போனால் அவர் பழைய மெசேஜையும் மேலே ஏறிப் படிப்பார். இதற்கும் பதில் இல்லையா, விட்டுவிடுங்கள். மூன்றாவது மெசேஜில் பதில் வாங்கிவிடலாம் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை, பெயர் கெடுவதுதான் மிச்சம்.

எந்த நாள், எந்த மணிக்கு அனுப்புவது என்று அட்டவணை போட்டுக் கொடுக்கிறவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. திங்கள் காலையும் வெள்ளி சாயங்காலமும் மட்டும் தவிர்க்கலாம். சென்னையிலும் பெங்களூரிலும் வேலை செய்கிற நம்ம ஊர் ஆட்கள் பாதிப்பேர் அந்த நேரத்தில் காட்பாடி ஜங்ஷனில் ரயிலுக்கு நிற்பார்கள், இல்லை ரயிலுக்குள் நிற்பார்கள்.

"ரெஸ்யூம் அனுப்புங்க" என்றார், அனுப்பினேன், அதோடு சரி

இங்கே மெசேஜ் ஜெயித்துவிட்டது, அதற்குப் பின்னால்தான் தடங்கல். பெரிய கம்பெனிகளில் ஊழியர் ஒருவரைச் சிபாரிசு செய்வது என்றால் உள்ளே ஒரு போர்ட்டலில் போய் வேலை எண், உங்கள் பெயர், மெயில், போன் நம்பர் எல்லாம் போட்டு ரெஸ்யூமை ஏற்ற வேண்டும். நீங்கள் ரெஸ்யூமை மட்டும் அனுப்பினால் எந்த வேலைக்கு என்று அவர் தேட வேண்டும், தேட மாட்டார். அதனால் கம்பெனியின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் நீங்களே பொருத்தமான ஒன்றைப் பார்த்து, அதன் எண்ணோடு இப்படி அனுப்புங்கள்: "வேலை எண் இது, தலைப்பு இது, இடம் சென்னை. என் மெயில், போன் கீழே. அவர்கள் கேட்டிருக்கிற மூன்றில் இரண்டு எனக்குத் தெரியும், மூன்றாவது கற்றுக்கொண்டிருக்கிறேன்." ஃபைலுக்கு உங்கள் பெயரை வையுங்கள், "ஃபைனல் நியூ 2" என்றெல்லாம் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை: பல கம்பெனிகளில் நீங்களே முதலில் தளத்தில் விண்ணப்பித்துவிட்டால் அப்புறம் சிபாரிசு கணக்கில் ஏறாது. ஆள் கிடைத்திருக்கிறார் என்றால் அவரைக் கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள்.

வெளிநாட்டு வாங்குபவருக்கு எழுதினால் பதிலே இல்லை

இது ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுச் சின்ன ஏற்றுமதியாளர்களுக்கும் அவர்களிடம் வேலை செய்கிற மெர்ச்சண்டைசர்களுக்கும். "நாங்கள் எல்லா வகைத் தோலும், ஷூவும், பெல்ட்டும், கையுறையும் தயாரிக்கும் முன்னணி நிறுவனம்" என்று தொடங்குகிற மெசேஜை வாங்குபவர் முதல் வரியோடு மூடிவிடுவார், எல்லாம் செய்கிறவன் எதையும் ஒழுங்காகச் செய்யமாட்டான் என்பது அவர் கணக்கு. அவர் வாங்குவது எது என்று பார்த்து அதை மட்டும் சொல்லுங்கள்: ஆட்டுத்தோல் லைனிங்கா, மாட்டுத்தோல் அப்பரா, என்ன தடிமன், மாதத்துக்கு எவ்வளவு சதுர அடி, லெதர் வொர்க்கிங் குரூப் (தோல் ஆலைகளின் சுற்றுச்சூழல் நடைமுறையைச் சோதிக்கும் அமைப்பு) ஆடிட்டில் உங்கள் ஆலைக்கு என்ன ரேட்டிங். விலையை முதல் மெசேஜில் போட வேண்டாம்.

நேரமும் உண்டு இதில். இத்தாலிக்காரர்களுக்கு ஆகஸ்டில் எழுதாதீர்கள், பாதி நாடு லீவில் இருக்கும். மிலானில் லினியாபெல்லே என்ற தோல் கண்காட்சி பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் நடக்கும், அதற்கு மூன்று நான்கு வாரம் முன்னால் "கண்காட்சிக்கு வருகிறீர்களா, பத்து நிமிஷம் மாதிரிகளைக் காட்டலாமா" என்று கேட்டால் சந்திக்க ஒரு காரணம் கிடைக்கிறது. அங்கே போக வசதியில்லை என்றால் சென்னைத் தோல் கண்காட்சி சமயத்தில் யார் இந்தியா வருகிறார்கள் என்று அவர்கள் போடுகிற பதிவுகளிலேயே தெரியும்.

கோரிக்கையே அனுப்ப முடியவில்லை, வரம்பு தாண்டிவிட்டது என்கிறது

கண்டபடி தட்டியிருக்கிறீர்கள். வாரத்துக்கு இத்தனைதான் என்று ஒரு வரம்பு உண்டு, அடுத்த வாரம் தானாகத் திறக்கும். ஆனால் நிறையப் பேர் இவரை எனக்குத் தெரியாது என்று அழுத்தியிருந்தால் கணக்குக்கே கட்டுப்பாடு வரும். தானாகக் கோரிக்கை அனுப்புகிற ப்ரௌசர் எக்ஸ்டென்ஷன் ஏதாவது போட்டிருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள், அது லிங்க்ட்இன் விதிகளுக்கே விரோதம், கணக்கை முடக்கினால் திரும்பப் பெறுவது பெரிய பாடு.

இதற்காகப் பணம் கட்டி இன்மெயில் வாங்கலாமா என்றால், வேலை தேடுகிற பிள்ளைகளுக்கு நான் வேண்டாம் என்பேன். இணைப்பில் இல்லாதவருக்கு நேரே எழுதலாம், 90 நாளுக்குள் பதில் வந்தால் அந்த கிரெடிட் திரும்பக் கிடைக்கும், அது உண்மைதான். ஆனால் மேலே சொன்ன பழைய மெசேஜையே காசு கட்டி அனுப்பினால் காசோடு சேர்ந்து மௌனம்தான் வரும்.

வேறு கம்பெனி பெயரோடு மெசேஜ் போய்விட்டது, அல்லது பாதியிலேயே போய்விட்டது

காப்பி பேஸ்ட்டின் கைங்கரியம். அனுப்பி 60 நிமிஷத்துக்குள் என்றால் மெசேஜைத் திருத்தலாம், நீக்கலாம், பதறாதீர்கள். நேரம் தாண்டிவிட்டால் ஒரு வரியில் மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சரியானதைப் போடுங்கள், இரண்டு பத்தி விளக்கம் வேண்டாம். பாதியில் போவதற்குக் காரணம் கம்ப்யூட்டரில் என்டர் தட்டினாலே அனுப்பிவிடுகிற அமைப்பு. மெசேஜ் பெட்டியின் ஓரத்து மூன்று புள்ளியில் அதை மாற்றிக்கொள்ளலாம். முதல் மெசேஜை நோட்ஸில் எழுதி ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிட்டு ஒட்டுவது இன்னும் நல்லது.

உடனே பதில் வந்தது, ரொம்ப இனிப்பாக

இதுவும் ஒரு அறிகுறிதான். நீங்கள் கேட்காமலே வேலை உறுதி என்கிறார், பேச்சை வாட்ஸ்அப்புக்கு அல்லது டெலிகிராமுக்கு மாற்றச் சொல்கிறார், அப்புறம் பயிற்சிக் கட்டணம், லேப்டாப் டெபாசிட், விசா செலவு என்று ஏதாவது ஒன்று வரும். ஒழுங்கான கம்பெனி எதுவும் வேலை கொடுக்கப் பணம் கேட்காது. அவர் சொல்கிற கம்பெனியின் சொந்த மெயிலில் இருந்து எழுதச் சொல்லுங்கள், பாதிப்பேர் அதோடு காணாமல் போவார்கள். அவர் ப்ரொஃபைலை லிங்க்ட்இன்னிலேயே ரிப்போர்ட் செய்யுங்கள். பணம் போய்விட்டது என்றால் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் மறைக்காமல் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள், சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் அது, எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அந்த அளவுக்குப் பணத்தை வங்கியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம்.